வீதியோரம் ஆருடையது? ஒரு பார்க்கிங் பயிற்சியின் வரலாறு

வாகனம் ஓட்டப் பழகியவர்களிடம் எது கஷ்டமாக இருந்தது எண்டு கேட்டுப் பாருங்கள். கிளச் எண்டு சிலர் சொல்லுவார்கள். ஏற்றத்தில் நிறுத்தித் திரும்ப எடுப்பது எண்டு இன்னும் சிலர். ஆனால் அதிகம் பேர் சொல்வது ஒன்றைத்தான்: நிறுத்தியிருக்கும் இரண்டு வாகனங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குள் பின்பக்கமாக வந்து, வீதி விளிம்புக்குச் சமாந்தரமாக நிறுத்துவது. 'பரலல் பார்க்கிங்' எண்டு எல்லாரும் சொல்லுகிற விசயம். அதை எப்படிச் செய்வது எண்டு சொல்லித்தர யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் இங்கே கேட்க விரும்புவது வேறு கேள்வி. இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது? வாகனத்தை நகர்த்துவதற்குத்தானே அனுமதிப்பத்திரம் தருகிறார்கள், பிறகு ஏன் நிறுத்துவதற்கு இத்தனை பாடு?

இந்தக் கேள்வியின் பின்னால் போனால் ஒரு விடயம் தெளிவாகும். சாரதிப் பரீட்சையில் இருக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் பின்னால் ஒரு காலத்தின் பிரச்சினை இருக்கிறது. எத்தனை பேர் வீதியில் செத்தார்கள், யாருடைய முறைப்பாடு காதில் விழுந்தது, வீதியின் எந்தப் பகுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதற்குள் பதிந்து கிடக்கின்றன.

பரீட்சை இல்லாத காலம்

உலகின் முதல் சாரதி அனுமதிப்பத்திரம் எண்டு பொதுவாகச் சொல்லப்படுவது 1888இல் ஜேர்மனியில் கார்ல் பென்ஸுக்குக் கிடைத்த கடிதம். தான் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை வீதியில் ஓட்ட அவர் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டியிருந்தது. வண்டியின் சத்தத்தையும் மணத்தையும் பற்றி ஊர்ச்சனம் முறையிட்டதே காரணம். அவருக்கு ஓட்டத் தெரியுமா எண்டு ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆகஸ்ட் மாதம் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், கணவரிடமும் சொல்லாமல், அதிகாரிகளிடமும் கேட்காமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருளை ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். மோட்டார் வாகனத்தின் முதல் நீண்ட பயணத்தைச் செய்தவர் லைசன்ஸ் இல்லாத ஒரு பெண். "பொம்பிளைப் பிள்ளையளுக்கு ரிவர்ஸ் சரிவராது" எண்டு பயிற்சி மைதானங்களில் சிரித்துக்கொண்டு சொல்பவர்களுக்காக இதை இங்கே குறித்துவைக்கிறோம். எம்மோடு பழகிய தோழிகள் அந்த வசனத்தை ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறார்கள்.

ஓட்டத் தெரியுமா எண்டு முதலில் சோதித்தது பாரிஸ். 1893 ஆகஸ்ட் 14ஆம் திகதி அந்நகரப் பொலிஸ் வெளியிட்ட கட்டளை, மோட்டார் வண்டி ஓட்டுபவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்கவேண்டும் எண்டது. பிரித்தானியாவில் அப்போது அப்படி ஒன்றும் இல்லை. 1900இல் வேரா ஹெட்ஜஸ் பட்லர் என்ற ஆங்கிலேயப் பெண் பிரான்சுக்குப் போய்த்தான் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார்.

பிரித்தானியாவின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதைப் பெற 5 ஷில்லிங் கட்டினால் போதும். பரீட்சை கிடையாது. குற்றம் செய்தால் ஆளை அடையாளம் காண உதவும் ஒரு கடதாசி, அவ்வளவுதான். காரும் அப்போது பணக்காரரின் பொருள். இலங்கைக்கு முதல் கார் வந்தது 1902இல். இறக்கியவர் எட்கர் மணி என்ற ஆங்கிலேயர். இங்கும் ஆரம்பத்தில் கார் வைத்திருந்தோர் தோட்டத் துரைமாரும் கொழும்பின் செல்வந்தருமே. வீதியில் நடந்த, மாட்டுவண்டியில் போன மற்ற எல்லாருக்கும் கார் என்பது ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒரு சாமான்.

7,343 பேர்

1930இல் பிரித்தானியா விசித்திரமான ஒரு வேலை செய்தது. அந்த ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான மணிக்கு 20 மைல் வேகக் கட்டுப்பாட்டை முற்றாக நீக்கியது. அந்தக் கட்டுப்பாட்டை ஒருவரும் மதிப்பதில்லை, ஆகவே அது இருந்து என்ன பயன் என்பது வாதம். அதன் பின் வந்த ஆண்டுகளில் நடந்ததை ஓர் எண்ணால் சொல்லலாம். 1934இல் மட்டும் பிரித்தானிய வீதிகளில் இறந்தோர் 7,343 பேர். காயமடைந்தோர் 2 இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு 20 சாவு. இறந்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் நடந்து போனவர்கள்.

அந்த ஆண்டு போக்குவரத்து அமைச்சரானவர் லெஸ்லி ஹோர்-பெலீஷா. பாதசாரிக் கடவையின் இரு பக்கமும் நிற்கும் மஞ்சள் உருண்டை விளக்குக் கம்பத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் எல்லை வந்தது. 'எல் போர்ட்' வந்தது. 1935 ஜூன் 1ஆம் திகதி முதல் சாரதிப் பரீட்சை கட்டாயமானது. கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். பரீட்சை நிலையம் எண்டு ஓர் இடமும் அப்போது இல்லை. பூங்கா வாசலிலோ ரயில் நிலையத்திலோ நகர மண்டபத்தடியிலோ பரீட்சகரைச் சந்திக்கவேண்டும். முதலாண்டில் நூற்றுக்கு 63 பேர் சித்தியடைந்தார்கள்.

இங்கே ஒரு சிறு விபரத்தைக் கவனிக்கவேண்டும். இந்தப் பரீட்சை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. 1934 ஏப்ரல் 1ஆம் திகதிக்குப் பிறகு ஓட்டத் தொடங்கியவர்கள் மட்டுமே தோற்றவேண்டும். அந்த 7,343 பேர் இறந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் பரீட்சையும் எழுதாமல் ஆயுள்வரை ஓட்டலாம். தவறைச் செய்தது ஒரு தலைமுறை, சோதிக்கப்பட்டது அடுத்த தலைமுறை. பரீட்சைகளின் வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான்!

அந்த முதல் பரீட்சையில் சமாந்தரமாக நிறுத்திக் காட்டும்படி கேட்கப்படவில்லை. வீதியோரத்தில் இடம் இருந்தது. எங்கே விரும்பினாலும் ஓரங்கட்டலாம். அந்த நிலை மாறியதன் கதையைப் பார்க்க நாம் அதே 1935இல் அத்திலாந்திக் கடலைத் தாண்டவேண்டும்.

ஒரு நாணயமும் இருபது அடியும்

ஜூன் மாதம் பிரித்தானியாவில் பரீட்சை கட்டாயமாகி ஆறு வாரம் கழிய, ஜூலை 16ஆம் திகதி அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் உலகின் முதல் பார்க்கிங் மீற்றர் நடப்பட்டது.

அங்கே பிரச்சினை இதுதான். அமெரிக்க நகரங்களில் முன்பு குதிரைகளை வீதியோரக் கட்டைகளில் முகம் உள்நோக்கி இருக்கக் கட்டுவார்கள். கார் வந்தபோது அதையும் அதே மாதிரி மூக்கை நடைபாதைப் பக்கம் குத்திச் சரிவாக நிறுத்தினார்கள். கார்கள் பெருகப் பெருக, இப்படிச் சரிவாக நிற்பவை வீதியின் அகலத்தைத் தின்னத் தொடங்கின. அதோடு, நகர மத்தியில் வேலை செய்வோர் காலையில் கொண்டுவந்து விட்டால் பின்னேரம்தான் எடுப்பார்கள். கடைக்கு வரும் சனத்துக்கு இடமில்லை எண்டு வியாபாரிகள் கொதித்தார்கள். கார்ல் மகீ என்ற பத்திரிகையாளரிடம் தீர்வு தேடும் பொறுப்பு வந்தது. அவர் சொன்ன யோசனைக்கு ஏற்ப, ஒக்லஹோமாவின் ஒரு கல்லூரியில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹோல்கர் தூசனும் அவருடைய பழைய மாணவர் ஜெரல்ட் ஹேலும் இயந்திரத்தைச் செய்துகொடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நிக்கல், அதாவது 5 சதம்.

சனம் கோபப்பட்டது. அதுவரை வீதியோரம் எல்லாருக்கும் இலவசம். அதற்கு வாடகை கேட்பது வரி மாதிரி எண்டார்கள். மீற்றர் விதியை மீறியதற்காக முதலில் பிடிபட்டவர் ஒரு கிறிஸ்தவ போதகர். சில்லறை மாற்றக் கடைக்குள் போய் வந்தேன் எண்டு சொல்லித் தப்பினார். ஆனால் மீற்றர் நட்ட பக்கத்துக் கடைகளில் வியாபாரம் கூடியதைக் கண்ட எதிர்ப்பக்கக் கடைக்காரர் எமக்கும் வையுங்கள் எண்டு கேட்டார்கள்.

எமது கேள்விக்கு முக்கியமானது மீற்றரை விட அதன் அடியில் கீறிய கோடு. ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 20 அடி எண்டு வீதியோரம் துண்டு துண்டாக அளக்கப்பட்டது. அந்தத் துண்டுக்குள் நுழையத் தெரியாதவருக்கு நகரத்தில் நிற்க இடமில்லை எண்ட நிலை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மீற்றர் நீளமான வீதியோரத்தில் கார்களைச் செங்குத்தாக, ஒன்றுக்கு 2.5 மீற்றர் அகலம் எண்டு நிறுத்தினால் 40 கார் நிற்கும். சமாந்தரமாக, ஒன்றுக்கு 6 மீற்றர் நீளம் எண்டு நிறுத்தினால் 16 மட்டும்தான். ஆனால் செங்குத்தாக நிற்கும் கார் வீதிக்குள் 5 மீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கும், வெளியே எடுக்கும்போது சாரதி பார்க்காத பக்கமாகப் பின்னால் வரவேண்டும். சமாந்தரமாக நிற்பது 2 மீற்றரை மட்டுமே எடுக்கும். நிற்கும் காருக்கும் ஓடும் காருக்கும் இடையில் நடந்த இழுபறியில் நகரங்கள் ஓடும் காரின் பக்கம் நின்றன. அந்த முடிவின் விலையைத்தான் பழகும் ஒவ்வொருவரும் வியர்வையால் கட்டுகிறார்கள்.

ஏன் பின்பக்கமாக?

முன்பக்கமாகவே நுழைந்தால் என்ன எண்டு புதிதாகப் பழகும் எல்லாரும் கேட்பதுண்டு. விடை சில்லுகளில் இருக்கிறது. காரில் முன் சில்லுகள் மட்டுமே திரும்பும். பின் சில்லுகள் இழுத்த பக்கம் போகுமே தவிர, பக்கவாட்டில் நகராது. முன்னால் போய் நுழைந்தால் மூக்கு உள்ளே போகும், வால் வீதியில் நிற்கும். அந்த வாலை உள்ளே இழுக்க வழியில்லை. பின்னால் வரும்போது நிலைமை தலைகீழ். திரும்ப முடியாத வாலை முதலில் மூலைக்குள் விட்டுவிட்டு, திரும்பக்கூடிய மூக்கைக் கடைசியில் வளைத்து உள்ளே எடுக்கலாம். இலங்கையில் நாம் இடது ஓரத்தில் நிறுத்துவதால், முதலில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் சுழற்றி வாலை உள்ளே விடவேண்டும், பிறகு வலப்பக்கம் சுழற்றி மூக்கை எடுக்கவேண்டும். "கண்ணாடியப் பார், கண்ணாடியப் பார்" எண்டு மாஸ்டர் கத்துவது இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தக் கணத்தைப் பிடிக்கத்தான்.

திரும்பும்போது உட்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லை விடக் கூடுதலாக வளையவேண்டும் என்ற அமைப்பு காரை விடப் பழையது. மியூனிக் நகரில் வண்டி கட்டும் ஜோர்ஜ் லங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காகச் செய்தது. 1818இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை எடுத்துக் கொடுத்த முகவரின் பெயர் ருடொல்ஃப் அக்கர்மன். இன்றுவரை உலகம் அதை 'அக்கர்மன் ஸ்டியரிங்' எண்டுதான் சொல்கிறது. செய்தவனின் பெயர் மறைந்துபோனது, பத்திரத்தில் கையெழுத்து வைத்தவனின் பெயர் நிலைத்தது. வரலாறு படிக்கிற எமக்கு இது புதிய கதை இல்லை.

இந்தக் கஷ்டத்தைத் தவிர்க்க முயன்றவர்களும் உண்டு. 1950களில் கலிஃபோர்னியாவின் புரூக்ஸ் வோக்கர் தன் காரின் பின்புறத்தில் ஐந்தாவது சில்லொன்றைப் பொருத்தினார். அது கீழிறங்கி, பின் சில்லுகளைத் தூக்கி, காரின் வாலைப் பக்கவாட்டில் உருட்டி இடைவெளிக்குள் தள்ளும். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், ஆனால் எந்தக் கம்பனியும் பெருமளவில் செய்ய முன்வரவில்லை. 2003இல் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் தானாகவே ஸ்டியரிங்கைச் சுழற்றி நிறுத்தும் வசதியோடு வந்தது. 2009இல் லண்டனைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் சைமன் பிளக்பேர்ன், ஒரு கார் நுழைய எவ்வளவு இடைவெளி தேவை எண்டு சமன்பாடு எழுதினார். பைதகரசின் தேற்றம் தெரிந்த ஓ.எல். பிள்ளைக்கும் அது விளங்கும்.

சேர்ப்பதும் நீக்குவதும்

பிரித்தானியப் பரீட்சையில் பின்பக்கமாக வந்து நிறுத்துவது சேர்க்கப்பட்டது 1991இல். அதாவது பரீட்சை தொடங்கி 56 ஆண்டுக்குப் பிறகு. வீதியோரம் நிரம்பிவிட்டது எண்டு பரீட்சை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. 2017 டிசம்பரில் மூலையைச் சுற்றி ரிவர்ஸ் எடுப்பதும், வீதியில் முன்னும் பின்னுமாகத் திருப்புவதும் நீக்கப்பட்டன. திசைகாட்டும் கருவியைப் பார்த்து ஓட்டுவது சேர்ந்தது. சமாந்தரமாக நிறுத்துவது தப்பியது. அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலமோ 2015இல் அதை நீக்கியது.

இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. நீக்கச் சொல்பவர்கள், பார்க்கிங் செய்யும்போது பம்பர் நசியும், ஆள் சாவது குறைவு, சாவு நடப்பது வேகத்தில் எண்கிறார்கள். வைத்திருக்கச் சொல்பவர்கள், வாகனத்தின் நான்கு மூலையும் எங்கே இருக்கிறது எண்டு தெரியாதவர் எப்படி நெரிசலான தெருவில் ஓட்டுவார் எண்டு கேட்கிறார்கள். எமக்கு இரண்டாவது வாதம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஏன் எண்டால் இந்தப் பயிற்சியில் மட்டும்தான் வேகம் ஒன்றுக்கும் உதவாது. பொறுமையாக, பின்னால் யார் வருகிறார்கள் எண்டு பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டும்.

பரீட்சையே நின்றுபோன காலங்களும் இருந்தன. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939 செப்டெம்பரிலிருந்து 1946 நவம்பர் வரை பிரித்தானியாவில் சாரதிப் பரீட்சை நடக்கவில்லை. சுயஸ் நெருக்கடியில் 1956 நவம்பர் தொடக்கம் 1957 ஏப்ரல் வரை திரும்பவும் நின்றது. பெற்றோல் தட்டுப்பாட்டால் பரீட்சகர்கள் பங்கீட்டு வேலைக்குப் போனார்கள். பழகுபவர்கள் துணைக்கு ஆளில்லாமலே ஓட்டலாம் எண்டு விட்டார்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று, கியூஆர் கோட் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கிய எமக்கு இது அந்நியமான காட்சி அல்ல. அந்த நேரம் லைசன்ஸ் அட்டைக்கும் தட்டுப்பாடு வந்து, தற்காலிகக் கடதாசியோடு பலர் ஓடித்திரிந்தார்கள். எமக்கு முந்திய தலைமுறையோ 1990களின் யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்குள், சிறு போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறை. மற்ற எல்லாரும் சைக்கிள். பார்க்கிங் பிரச்சினை எண்டு அந்த வீதிகளில் ஒன்று இருந்திருக்காது.

எமது வீதியோரம்

இடப்பக்கம் ஓட்டுவது, எல் போர்ட் எண்டு எமது வீதியின் பல பழக்கங்கள் பிரித்தானியர் விட்டுச் சென்றவை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம்தான், பல திருத்தங்களோடு, இன்றும் எம்மை ஆளுகிறது. ஆனால் எமது வீதியோரம் லண்டனுடையதோ ஒக்லஹோமாவினுடையதோ அல்ல.

பயிற்சி மைதானத்தில் இரண்டு தடிக்கு நடுவில் வெறும் நிலம் இருக்கும். பட்டினத்து வீதியில் அதே இடத்தில் ஓட்டோ ஸ்டாண்ட் இருக்கும், செவ்விளநீர்க்காரரின் வண்டி இருக்கும், பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாமார் இருப்பார்கள், சாய்த்து வைத்த சைக்கிள்கள் இருக்கும். நடைபாதை இல்லாத இடத்தில் அந்த ஓரம்தான் நடைபாதை. அங்கே நாம் கச்சிதமாக, விளிம்பிலிருந்து ஓரடி தள்ளாமல், ஒரே வெட்டில் காரை நிறுத்தினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். ஆனால் அதன்பின் பள்ளிக்கூடப் பிள்ளை எதால் நடந்து போகும்? நடுவீதியால்தான். காரின் கதவைப் பின்னால் பாராமல் திறந்தால் சைக்கிள்காரர் விழுவது ஆரின் முன்னால்? பின்னால் வரும் பஸ்ஸின் முன்னால்.

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000இற்கும் மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள். அதிகமானோர் மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் போனவர்கள், நடந்து போனவர்கள், ஓட்டோவில் இருந்தவர்கள். காருக்குள் இருந்தவர்கள் குறைவு. 1934இன் பிரித்தானியாவில் அரைவாசிச் சாவு பாதசாரிகளுடையது எண்ட கணக்குத்தான் பரீட்சையைக் கட்டாயமாக்கியது. 2013இல், பத்து மடங்குக்கும் மேலாக வாகனம் பெருகிய பின், அதே நாட்டில் வீதியில் இறந்தோர் 1,713 பேர். பரீட்சை மட்டும் அதைச் சாதிக்கவில்லை. வேக எல்லை, ஆசனப்பட்டி, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டம், மருத்துவம், நடைபாதை எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கம், செத்தவர்கள் யார் எண்டு எண்ணிப் பார்த்ததுதான்.

ஆகவே பரலல் பார்க்கிங்கைப் பழகவேண்டாம் எண்டு நாம் சொல்லவரவில்லை. பழகுவோம், நன்றாகவே பழகுவோம். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளைப் பரீட்சையிடமும் கேட்போம். நிறுத்தியபின் கதவு திறப்பதற்கு முன் பின்னால் பார்த்தாரா எண்டு ஏன் புள்ளி போடக்கூடாது? இந்த இடத்தில் நிறுத்தாமல் விட்டதற்கு ஏன் புள்ளி கொடுக்கக்கூடாது? 1935இல் பரீட்சையை வடிவமைத்தவர்கள் தங்கள் காலத்தின் சாவுகளைப் பார்த்து அதை வடிவமைத்தார்கள். எமது காலத்தின் சாவுகள் எமது வீதியோரத்தில் நடக்கின்றன.

லைசன்ஸ் கையில் கிடைக்கும் நாள்வரை நாம் எல்லாரும் நடந்து போனவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், பஸ் மிதிபலகையில் தொங்கியவர்கள். அந்த ஓரம் எமக்கு எவ்வளவு தேவைப்பட்டது எண்டு நன்றாகத் தெரிந்தவர்களும் நாம்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தபிறகும் அது மறந்துபோகாமல் இருந்தால், ரிவர்ஸில் ஒருமுறை தடியில் முட்டினாலும் பரவாயில்லை.